மெழுகு மாப்பிள்ளை

என் இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், முடி வெட்டுகிறவர், கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றுகிறவர் என்று எல்லோரும் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என் கண்ணைப் பார்ப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்பார்கள். காட்டினேன் ஐயா, காட்டினேன். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் கேட்கிறவர்களிடம் இந்தத் தாளை நீட்டிவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன்.

அது நோய் இல்லை. மெழுகு. நானே ஆசைப்பட்டு, ரயில் ஏறிப் போய், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என் முகத்துக்குள் ஏற்றிக்கொண்ட மெழுகு. (சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போக எனக்கு எரிச்சல் வரும்.)

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மலாயாவில் காஹாங் போகிற பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. பெரிய கிராணி ஆபீசில் உட்கார்ந்து எழுதுவார். சின்னக் கிராணி வெளியே ஓடுவான். மாதம் ஒரு தடவை ரப்பர் கட்டுகளை ரயிலேற்றக் குளுவாங் ஸ்டேஷனுக்குப் போவதைத் தவிர, என் ஓட்டமெல்லாம் புகைக் கொட்டகையைச் சுற்றித்தான். உறைந்த ரப்பர் பாலைத் தகடு தகடாக உருட்டி, உள்ளே மூங்கில்களில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். தீ கூடாமலும் குறையாமலும் இருக்கிறதா என்று மணிக்கொரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது என் உத்தியோகம். அந்தச் சூட்டில் நின்று நின்று எனக்கு அது சூடு என்பதே மறந்து போயிருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

ஏழு வயதில் எனக்குப் பெரியம்மை. ஆத்தா நெற்றியிலிருந்து தாடைவரை ஓர் இடம் விடாமல் விளையாடிவிட்டுப் போயிருந்தாள். அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் என் அக்கா கமலம். அவள் புருஷன் வேலு அதே தோட்டத்தில் கங்காணி. அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மச்சானுக்குத் தெரிந்தவர் மூலமாக எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். குளுவாங் ஸ்டேஷனில் ராத்திரி ரயில்களுக்குக் கொடி காட்டுகிற ஒருவரின் மகள், பெயர் ருக்மணி. அந்த நாளில் நம் ஜனங்கள் ஆளுக்கொரு தோட்டத்தில் சிதறிக் கிடந்தார்கள். பெண் பார்க்க மூன்று வண்டி மாறிப் போக வேண்டும். அதனால் முதலில் படம் போகும், பிறகுதான் ஆள் போவான். எங்களிடமும் படம் கேட்டார்கள்.

படம் எடுக்க ஜொகூர் பாருவுக்குப் போனேன். படக்கடைக்காரர் ஒரு கோட்டை எடுத்து மாட்டினார். (அதற்கு முன்னால் அந்தக் கோட்டுக்குள் எத்தனை மாப்பிள்ளைகள் வேர்த்திருந்தார்களோ, அப்படி ஒரு வாசம்.) ஒரு வாரம் கழித்துப் படம் தபாலில் வந்தது. கவரைப் பிரித்தால் உள்ளே யாரோ ஒருவன். கன்னம் வழவழவென்று வாழை இலை போல இருக்கிறது. ஒரு தழும்பு இல்லை, ஒரு குழி இல்லை. கடைக்காரர் கெட்டிக்காரர். படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் பென்சிலை வைத்து என் குழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார்.

"அக்கா, இது நான் இல்லையே!"

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "அந்த அம்மை மட்டும் வராம இருந்திருந்தா நீ இப்படித்தான்டா இருந்திருப்பே," என்றாள். அழுகிறவளிடம் என்ன பேசுவது? படம் குளுவாங்குக்குப் போயிற்று. பத்தாம் நாள் சம்மதம் என்று பதில் வந்தது. தை மாதத்தில் நாள் குறித்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மணவறையில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கிற ஒரு விநாடிதான் கண் முன்னால் நின்றது. அக்காவிடம் சொன்னேன். "தாலி கட்டுற நேரத்துல ஒரே புகையா இருக்கும்டா, யாருக்குத் தெரியப் போகுது," என்று ஆறுதல் சொன்னாள். ஆயுசு முழுக்கப் புகை போட முடியுமா? புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? ஒரு கடிதாசி போட்டு உண்மையைச் சொல்லியிருப்பான். இல்லை, வேறொரு படம் எடுத்து அனுப்பியிருப்பான். நான் படத்தை மாற்றவில்லை. முகத்தை மாற்றக் கிளம்பினேன்.

மறுபடியும் அதே படக்கடைக்குத்தான் போய் நின்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு கடை தள்ளி மாடியில் ஒரு 'புரொபசர்' இருப்பதாகச் சொன்னார். எதில் புரொபசர் என்று நான் கேட்கவில்லை. கீழே துணிக்கடை, மேலே அவர். வெள்ளைக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி, பினாங்குத் தமிழ். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பயப்படாதீங்க லா. தோட்டத்துல ரோட்டுல குழி விழுந்தா என்ன செய்வாங்க?"

"கல்லைப் போட்டு நிரவுவாங்க."

"ஆங். அதேதான். கல்லுக்குப் பதிலா மெழுகு."

தோட்டத்து ஆளுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. அவர் சாராய விளக்கைப் பற்றவைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளை மெழுகை உருக்கி, கண்ணாடி ஊசிக்குழாயில் இழுத்து, கன்னத்தில் ஒவ்வொரு குழிக்கும் கீழே குத்தி ஏற்றினார். ஏற்றிய இடத்தைக் கட்டை விரலால் அழுத்தி, குளிர்ந்த துணியை வைத்து வைத்துச் சமன் செய்தார். வலியில் உயிர் போயிற்று. ஆனால் ருக்மணி நிமிர்ந்து பார்க்கிற அந்த விநாடியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். எல்லாம் முடிந்து நான் மாடிப்படி இறங்குகிறபோதுதான் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஒரு மாசத்துக்கு மூஞ்சியில சூடு படாம பார்த்துக்குங்க!"

"சூடுன்னா?"

"அடுப்பு, வெயில், அந்த மாதிரி."

சமைக்கிறவள் அக்கா, நமக்கு என்ன அடுப்பு என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடுப்புக்குள்ளேயே நுழைந்து வருகிறவன் நான் என்பது குளுவாங் வரும்வரை எனக்கு உறைக்கவில்லை. (கிராணி வேலைக்குப் பரீட்சை வைத்துத்தான் எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

முதல் மூன்று நாள் நான் ராஜா. கொஞ்சம் வீக்கம் இருந்தது, ஆனாலும் குழிகளைக் காணோம். ஏதோ சீமைக் களிம்பு தடவினேன் என்று வீட்டில் புளுகினேன். அக்கா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மச்சான் மட்டும் சந்தேகமாகப் பார்த்து, "ஏன் மாப்ளே, குளவி ஏதாச்சும் கொட்டிச்சா?" என்றார்.

நாலாம் நாள் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. லீவு கேட்டால் துரை முகம் கொடுத்துப் பேசவில்லை, கப்பலுக்குச் சரக்கு போக வேண்டுமாம். ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, பல்வலி என்று சொல்லிவிட்டுப் புகைக் கொட்டகைக்குள் நுழைந்தேன். மத்தியானம் சாப்பிட வந்து கண்ணாடியைப் பார்த்தால் இடது கன்னத்து மேடு ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. கன்னம் சிவந்து, தொட்டால் காந்தல். மறுநாள் வலது பக்கமும் புறப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு விரோதிக்குக்கூட வர வேண்டாம். விடிந்ததும் ஆற்றில் போய்க் கழுத்தளவு உட்கார்ந்து முகத்தை முக்கி முக்கி எடுப்பேன். வாழைத்தண்டை வெட்டிக் கன்னத்தில் வைத்துக் கட்டுவேன். இடது பக்கம் இறங்கினால் வலது பக்கமாகப் படுப்பேன், அது வலது பக்கமாக இறங்கும். மல்லாந்து படுத்தால் இரண்டும் காதுப் பக்கம் போகப் பார்க்கும். சிரிக்கக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, முறுக்கு தின்னக் கூடாது. கல்யாண மாப்பிள்ளைக்கு முகத்தில் களையே இல்லையே என்று லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். களையா? இருக்கிற சதையை இருக்கிற இடத்தில் பிடித்து வைப்பதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது. புரொபசரிடமே திரும்பப் போனேன். மாடி பூட்டிக் கிடந்தது. அவர் பினாங்குக்குப் போய்விட்டார் என்றார் துணிக்கடைக்காரர். பெரிய அதிர்ச்சியெல்லாம் ஒன்றும் இல்லை. அதற்குள் எனக்கு அதிர்ச்சி அடையக்கூடத் தெம்பில்லாமல் போயிருந்தது.

இப்படித் தள்ளாடிக்கொண்டே கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்புவரை வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நலங்கு. இதை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. கல்யாணம் நினைவிருந்தது, மணவறை நினைவிருந்தது, ஓமப் புகை நினைவிருந்தது. மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து, காய்ச்சிய எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் சேர்த்து முகத்தில் பூசி உருவுவார்கள் என்பது மட்டும் புத்தியில் இல்லை. அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் மணையில் உட்காரவைத்தபோது, எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

பெண் வீட்டிலிருந்து தட்டுடன் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ருக்மணியின் பெரியம்மா முன்னால் நின்றார். பருத்த கை, பாசமான கை. "மாப்பிள்ளை வெக்கப்படுறாரு," என்று சொல்லிக்கொண்டே சூடான எண்ணெயை இரண்டு கன்னத்திலும் வைத்து மேலிருந்து கீழே உருவினார். அடுத்தவர் வந்தார், உருவினார். அதற்கடுத்தவர். எங்கள் பக்கத்து அத்தைமார் சும்மா இருப்பார்களா? அவர்கள் இன்னும் அழுத்தி உருவினார்கள். என் கன்னம் கரைந்து, கழுத்தை நோக்கி நிதானமாக நடந்து போவதை நான் உள்ளேயிருந்து உணர்ந்தேன். வாய் திறக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாவம், தாய் தகப்பன் ஞாபகம்," என்றாள் ஓர் அத்தை.

சுற்று முடிந்து பெரியம்மா மறுபடி வந்தார். கையை வைத்தவர் நிறுத்திவிட்டார்.

"என்னடி இது! கன்னம் எங்க?"

விரல் தடவிக்கொண்டே கீழே போய்த் தாடைக்குக் கீழே ஒரு கட்டியில் முட்டியது. பக்கத்தில் இன்னொன்று. காதோரம் ஒன்று. மெழுகு போன இடத்தில் தோல் கன்றிச் சிவந்து கிடந்தது. அவர் சட்டென்று கையை எடுத்தார். முந்தானையில் துடைத்தார். பிறகு எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார். மற்ற நாலு பேரும் அவர் பின்னாலேயே போய்க் கழுவினார்கள். "அலமாக்..." என்று யாரோ மலாய்க்காரர் மாதிரி பதறி முணுமுணுத்தது கேட்டது. வெற்றிலை பாக்கைக்கூட எடுக்காமல் வண்டியேறிப் போய்விட்டார்கள்.

பெரிய வியாதி என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் குஷ்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பெரிய வியாதி என்பார்கள். முகத்தில் கட்டி கட்டியாக வந்தால் அதுதான். அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் என் கல்யாணம் நிற்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை போகும், கொண்டுபோய் வேலி போட்ட முகாமில் விட்டுவிடுவார்கள். அக்கா வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள், அந்த இரண்டு பெண் குழந்தைகளை நாளைக்கு எவன் கட்டுவான்? அக்கா முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எப்ப இருந்துடா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். "அக்கா, அது மெழுகு" என்று மூன்றே வார்த்தை. சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்காக அக்காவை ஒரு நாள் முழுக்க அழவிட்ட கழுதை நான். மெழுகை நினைத்து எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது, அதை நினைத்தால் மட்டும் வருவதில்லை.

மறுநாள் காலையில் பெண்ணின் தகப்பனார் வந்து இறங்கினார். டிரெசர் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் பேசலாம் என்றார். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர், எங்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். பெயர் தங்கையா, நாகர்கோவில் பக்கம், சிரித்து யாரும் பார்த்ததில்லை. என்னை ஆஸ்பத்திரி முக்காலியில் உட்காரவைத்தார்கள். மச்சான் ஒரு பக்கம், மாமனாராக வருவாரோ மாட்டாரோ என்றிருந்த பெண்ணின் தகப்பனார் ஒரு பக்கம். டிரெசர் என் பின்னால் போனார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். திடீரென்று தாடைக் கட்டியில் ஊசியால் ஒரு குத்து.

"ஐயோ அம்மா!"

பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்களாம்.

"உணர்ச்சி இருக்கு," என்றார் டிரெசர். இன்னும் மூன்று இடத்தில் குத்தினார். மூன்று தடவையும் கத்தினேன். "நல்லாவே இருக்கு. பெரிய வியாதின்னா குத்தினா தெரியாது. இது அது இல்ல." பிறகு கட்டியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "தம்பி, எவன்கிட்ட போனே?"

சொல்லிவிட்டேன்.

"மெழுகா?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"மெழுகுதாங்க."

"விளக்கு ஏத்துறோமே, அந்த மெழுகா?" என்றார் மச்சான்.

"அது மாதிரிதான் மச்சான்."

டிரெசர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். வெள்ளைக்காரன் ஊரில் இதை முன்னாலேயே செய்து பார்த்து, கெட்டு, கைவிட்டுவிட்டார்களாம். "எடுக்க முடியாது. கத்தி வச்சா இதைவிட மோசமாயிடும். சூடு காட்டாதே, அமுக்காதே. அது போற இடத்துக்குப் போகட்டும், நிக்கிற இடத்துல நிக்கட்டும்." அதற்கு மேல் வைத்தியம் இல்லை. முப்பது வருஷமாக நான் செய்துவருவதும் அதுதான்.

பெண்ணின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்மைத் தழும்பு எங்க வீட்லயும் ரெண்டு பேருக்கு இருக்கு. அது ஒரு குத்தமா? படத்துல பொய், மூஞ்சியில பொய். நாளைக்கு எம்பொண்ணுகிட்ட இன்னும் என்னென்ன மறைப்பான்? வேணாம் கங்காணி, விட்டுடுவோம்," என்றார். மச்சான் தலை குனிந்து நின்றார். நியாயமான பேச்சு, எனக்கே அவர் பக்கம் சேர்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அப்பா, கொஞ்சம் இருங்க."

வாசலில் ஒரு பெண் நின்றாள். நானே நேரில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துத் தகப்பனாரோடு வந்து, அதுவரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். நான் இரண்டு மாதமாகப் பயந்து செத்த அந்த விநாடி, மஞ்சள் கறையும் ஊசிக் குத்துமாக முக்காலியில் உட்கார்ந்திருக்கிறபோது வந்தது.

"இவரை எனக்குத் தெரியும்பா. ரப்பர் கட்டு ஏத்த ஸ்டேஷனுக்கு வருவாரு. நம்ம வீட்டு ஜன்னல்ல இருந்தா தெரியும். கட்டுங்களை எண்ணுவாரு, தப்பா வரும், தானே சிரிச்சுக்குவாரு. மறுபடி எண்ணுவாரு. சிரிச்சா மூஞ்சியில இருக்கிற குழியெல்லாம் சேர்ந்து சிரிக்கும். அந்தத் தோட்டத்துச் சின்னக் கிராணின்னு நீங்க சொன்னதும்தான் நான் சரின்னேன். படம் வந்தப்போ வேற யாரையோ அனுப்பிட்டாங்கன்னு அழுதேன். அப்புறம் காதைப் பார்த்துதான் இவருதான்னு கண்டுபிடிச்சேன்."

பிறகு என்னிடம் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு அதை மூடினீங்க?"

எனக்கு அழுகை வந்தது. டிரெசர் பஞ்சை எடுத்து நீட்டினார்.

"என்னம்மா சொல்றே? வேணுமா வேணாமா?" என்றார் தகப்பனார்.

"வேணும்பா. என்ன செய்றது, உள்ளே இருக்கிற ஆளு அதேதானே."

கல்யாணம் நடந்தது. ஓமத்தை மணவறையிலிருந்து நாலு முழம் தள்ளி வளர்த்தார்கள். மச்சான் விசிறியோடு பக்கத்தில் நின்று முகூர்த்தம் முழுக்க என் முகத்துக்கு விசிறினார். மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை பார் என்று வெளியூர்க்காரர்கள் அசந்துபோனார்களாம். டிரெசர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு, துரை என்னைப் புகைக் கொட்டகையிலிருந்து பால் நிறுக்கிற இடத்துக்கு மாற்றினார். சின்னக் கட்டிகள் வருஷக்கணக்கில் அலைந்து ஒவ்வொன்றாகத் தாடைக்கட்டியோடு வந்து சேர்ந்துகொண்டன. வெயில் காலத்தில் சிவக்கும், மழைக் காலத்தில் அடங்கும், சவரக் கத்தி பட்டால் ஒரு வாரம் சாப்பாடு கஞ்சிதான். எங்கள் வீட்டில் யாருக்கு நலங்கு வைத்தாலும், "மெதுவா தேயுங்கடி, மாப்பிள்ளை உருகிடப் போறாரு," என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். கூட்டமே என் பக்கம் திரும்பும். நானும் வரிசையில் நின்று சிரித்துவிட்டு வருவேன்.

இதையெல்லாம்விட ருக்மணியின் பேச்சுதான் பெரிது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் சர்வ சாதாரணமாக, "என் முதல் புருஷன் இப்படியெல்லாம் கோவப்பட மாட்டாரு," என்பாள். வந்தவர்கள் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பார்கள். "அம்மா, உன் முதல் புருஷன் இருந்திருந்தா இன்னைக்கு எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு," என்று பிள்ளைகள் கூடச் சேர்ந்துகொள்வார்கள். புது மருமகனுக்கு விஷயம் புரிந்து முகம் தெளிய ஆறு மாதம் ஆயிற்று.

அவளுடைய முதல் புருஷன் மெழுகுக்கு முன்னால் இருந்த நான்தான், அந்த முகத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அக்காவும் மச்சானும் போய்விட்டார்கள். எனக்கே அது எப்படி இருந்தது என்று மறந்துவிட்டது. அதை நினைவில் வைத்திருப்பவள் இனி அவள் ஒருத்திதான். போன வாரம் அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் ருக்கு, நெசமாவே சொல்லு. அந்த ஆளு எப்படி இருந்தான்?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்லா சிரிப்பாரு," என்றாள். "நீங்க வந்த பிறகு அவரை நான் பார்க்கவே இல்ல."